ஐனுத் தீனில் மிஞ்சிய அறுபது பேர்

நவம்பர் 6, நாப்லஸ்

காபி இன்றும் இரண்டு கோப்பைக்குப் போட்டுவிட்டேன். மனைவி லம்யா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. கைக்கு இன்னும் புரியவில்லை. நான் எழுதிவரும் சிற்றூர்த் தொகுப்பில் நூற்றுப் பன்னிரண்டாவது ஊரை முடித்தேன். யாரிடம் சொல்ல?

நவம்பர் 9

எல்லைக்கு அப்பால், இர்பிதிலிருந்து மறுபடி அந்த வஸ்ஃபிய்யாவின் அழைப்பு. கோழிக்கடைக்காரி. பின்னால் கோழிகள் கத்த, அவற்றுக்கும் மேலே இவள். அவள் அப்பா பிறந்து, 1948 போரில் விரட்டப்பட்ட மலையூர் கிர்பத் ஹன்னூனா என் புத்தகத்தில் வர வேண்டுமாம்.

"பதினோரு வீடு, உஸ்தாத்! கிணறுகூட இருந்துச்சு!"

என் விதி எளிது. ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்பில் தலை எண்ணிக்கை இருந்தால்தான் ஊர். 1922இல் அதைப் பக்கத்துப் பெரிய கிராமத்தோடு சேர்த்துவிட்டார்கள். 1931இல் 'ஆளில்லாத இடிபாடு' என்று இருக்கிறது. முடியாது என்றேன்.

"அப்போ எங்கப்பா வானத்துலயா பொறந்தாரு?" போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 15

மழை. யாரும் அழைக்கவில்லை.

நவம்பர் 17

மறுபடி அவள். இந்த முறை கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தார்களாம். முதல் கேள்வி எப்போதும்போல: எந்த ஊர்க்காரர்? சொன்னதும் மாப்பிள்ளையின் பெரியப்பா சிரித்தாராம். "அப்படி ஒரு ஊரே கிடையாதே. நாடோடிங்களா நீங்க?"

"டிசம்பர் பத்தாம் தேதி திரும்ப வர்றாங்க. அச்சடிச்ச ஒரு பக்கம் போதும், உஸ்தாத்."

"ஆளில்லை என்றுதானேம்மா எழுதியிருக்கிறது?"

"எந்த மாசம் எண்ணினாங்க?"

"நவம்பர்."

"நவம்பர்ல எவன் மலைமேல இருப்பான்? முதல் மழை விழுந்ததும் ஆட்டை ஓட்டிக்கிட்டு எல்லாரும் கீழே ஐனுத் தீன் கிராமத்துக்கு இறங்கிடுவாங்க. மேலே ஒரு பூனைகூட இருக்காதுன்னு அப்பா சொல்வாரு. படிச்சவருக்கு இதுகூடத் தெரியாதா?"

தெரியும். என் அம்மாவின் ஆட்களும் மழைக்கு இறங்கியவர்கள்தான். தெரிந்தும் தோன்றவில்லையே!

நவம்பர் 18

ஐனுத் தீன்: 1922இல் 84 பேர். 1931இல் 147. 1945இல் 90. அந்த 147க்கு என் கையாலேயே அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன்: 'எழுத்தர் பிழையாக இருக்கலாம்.'

ஐயோ. உள்ளூர்க்காரர்களைக் கழித்தால் அறுபது பேர்போல மிஞ்சுகிறார்கள். பதினோரு வீட்டுக்குச் சரியாக வருகிறது. குளிருக்கு இறங்கி வந்த மனிதர்களைப் பிழை என்று எழுதி வைத்திருக்கிறேன், மடையன்! முன்பெல்லாம் லம்யா எண்களை உரக்கப் படிப்பாள், நான் எழுதுவேன். இருந்திருந்தால், "இது ஏன் இப்படி வீங்கிக் கிடக்கு?" என்று கேட்டிருப்பாள். தனியாகப் படிப்பவனை யார் கேட்பது?

நவம்பர் 19

விதி நாசமாய்ப் போகட்டும். நூற்றுப் பதின்மூன்று: கிர்பத் ஹன்னூனா. அடிக்குறிப்பை அடித்துவிட்டேன்.

டிசம்பர் 6

அச்சகத்திலிருந்து அந்தப் பக்கத்தின் சோதனைப் படியை வாங்கிவிட்டேன். பத்தாம் தேதிக்குள் தபாலில் போய்ச் சேருமா? சேராது. நாளை நானே எல்லைப் பாலம் கடந்து கொண்டுபோகிறேன். இங்கே என்னைத் தேட யார் இருக்கிறார்கள்?

டிசம்பர் 10, இர்பித்

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அச்சுலயே வந்துடுச்சே" என்றார்.

"ஆமாங்க, நாங்க வானத்துலேர்ந்து விழலை" என்றாள் வஸ்ஃபிய்யா. அவரே முதலில் சிரித்தார். ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்தார்கள். என் தட்டில் மூன்று முறை மக்லூபாச் சோறு விழுந்தது. போதும் போதும் என்றேன், சாப்பிட்டேன். இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று! இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

டிசம்பர் 13, நாப்லஸ்

கதவில் ஒரு சீட்டு. நான் இல்லாத நாட்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். 'காலி வீடு' என்று குறித்திருக்கிறது.

எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் நெளிந்தார். "சத்தமே கேட்காதா, யாரும் இல்லைன்னு நான்தான் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

நான்கு மாதமாக எதிரெதிரே இருக்கிறோம். உள்ளே வந்து பையை வைத்தேன். பிறகு வஸ்ஃபிய்யாவை அழைத்துச் சொன்னேன். கோழிகளுக்கு மேல் சிரித்தாள்.

"விடுங்க உஸ்தாத், மழைக்கு எங்ககிட்ட இறங்கினீங்க, அவ்வளவுதானே? எங்க வீட்டுக் கணக்குல ஒரு ஆள் கூடுதலா இருக்கும்."

கணக்கெடுப்பு அலுவலகத்தின் தொலைபேசி எண் சீட்டின் அடியில் இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை.