யன்னல் வெயிலும் மீன்தொட்டிப் பாசியும்

வெள்ளி, இரவு

மீன்தொட்டிக் கண்ணாடியில் மறுபடியும் பச்சைப் பாசி. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சுரண்டியது, இப்போதும் கை நோகிறது. யன்னல் வெயில் தொட்டியில் விழுவதால்தான் பாசி பிடிக்கிறது. நான் யன்னலைச் சாத்துவேன், மாமா வந்து திறப்பார். கல்யாணம் முடித்து நான் வந்திருப்பது ரிஸ்னாவின் வீட்டுக்கு. அவளுடைய வாப்பாவிடம் மருமகன் எதைச் சொல்வது? இன்று அலுப்பில் சொல்லிவிட்டேன்.

"மாமா, யன்னலப் பூட்டி வைங்களன். பாசி புடிக்கிது."

"ஓம் மகன்" என்று அவரே எழும்பிப் பூட்டினார். பிறகு, நான் துடைத்து முடித்த கண்ணாடியில் மூக்கு முட்டுமளவு குனிந்து பார்த்தார்.

"மீனெல்லாம் எங்க மகன்? வாளியிலயா இரிக்கி?"

சிவப்பு மீன்கள் எல்லாம் அவர் முகத்துக்கு நேரேதான் நீந்திக்கொண்டிருந்தன.

நான் யன்னலைத் திறந்தேன். பாசி பிடித்தால் பிடிக்கட்டும்.

ரிஸ்னாவிடம் இன்னும் சொல்லவில்லை. விடிந்தால் மாமா மோட்டார் சைக்கிளில் சம்மாந்துறை மில்லுக்குக் கிளம்புவார். சாவியை எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சுபஹு தொழுதுவிட்டு வந்து தேடுவார். என்னிடம்தான் கேட்பார்.