வாட்டு மாடிக் காற்றாடி

நவ. 4, திங்கள்
விடாத மழை. தேயிலை ஸ்டோர் மாடியில் பரப்பிய கொழுந்து இன்றும் வாடவில்லை; வாடாமல் அரைக்க முடியாது. பறித்த மாதிரியே ஈரம். ஒரு மூலையில் புளிச்ச வாடை. துரை மூக்கைச் சுளித்தார். "டீமேக்கர் வேலை தெரியாட்டி பொட்டியக் கட்டு."
இந்த மாதத்தோடு வேலை பார்த்துக் காட்டும் தவணை முடிகிறது. வேலை நிரந்தரமானால்தான் தோட்டத்தில் வீடு. வீடு இருந்தால்தான் பார்வதியும் பிள்ளையும் மாத்தளையிலிருந்து வரலாம். பிள்ளையைப் பெற்றவன் நான் இன்னும் பார்க்கவில்லை. மாமியார் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று தெரியும்.

நவ. 5
வாங்க: சோப்பு. நல்லெண்ணெய். குடைக்குத் துணி.
சாக்குத் தேடிப் பழைய கோப்பிக் கொட்டகைக்குப் போனேன். ஓலைக்கடியில் ஒரு சாமான். சைக்கிள் மிதி, சங்கிலி, ஆசனம், ஹேண்டில், சின்னச் சக்கரம் மூன்று. முன்னால் என் உயரத்துக்கு மரக் காற்றாடி. பின்னால் துணி கட்டிய சின்னச் சட்டம். கூடவே மூங்கில் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய பெரிய தட்டு இரண்டு.
கங்காணி முத்தையா: "மூணு தொரைக்கு முந்தின தொரை வச்சிட்டுப் போனதுங்கையா. என்னான்னு யாருக்கும் தெரியாது."
எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கொழுந்து பரப்பத் தட்டு, வாட்டக் காற்றாடி. எவனோ மகராசன் எனக்காகவே செய்துவைத்திருக்கிறான். துள்ளிக் குதிக்காத குறை.

நவ. 6
மாடிக்கு ஏற்றினோம். அத்தனை பெரிய சாமானை இரண்டே ஆள் அலட்டாமல் தூக்கினார்கள். தட்டில் கொழுந்து நிற்கவில்லை. நடுவில் வில் மாதிரி வளைவு, எல்லாம் வழிந்து தரையில். எந்த மடையன் இப்படி வளைத்தான்? தட்டை ஓரமாகச் சாத்திவிட்டு வழக்கமான சாக்கிலேயே பரப்பினேன்.
காற்று மட்டும் அபாரம். ஆனால் மிதிக்க மிதிக்க வண்டி ஓடிப்போய்ச் சுவரில் முட்டுகிறது. தூணோடு கயிற்றால் கட்டினோம். மாலையில் கொழுந்து கையில் துவண்டது. ராத்திரி சோறும் இரண்டு பிடி அதிகமாக இறங்கியது.

நவ. 8, வெள்ளி
துரையின் சைக்கிளுக்கு டியூப் ஒட்டப் பலாபத்வல ஊர்ச் சைக்கிள் கடையிலிருந்து சலீம் நானா வந்தார். வாய் ஓயாத மனிதர். மாடிச் சாமானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சர்க்கஸ்காரன் சைக்கிள் என்று சத்தியம் பண்ணினார். பிறகு ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார்.
"தம்பி, விசிறிக்கு என்னத்துக்கு ஹேண்டில்? நின்ன எடத்துல நிக்கிற சாமான எந்தப் பக்கம் திருப்புறது?"
"தெரியலையே நானா."
"பின்னால வாலப் பாரு. அந்தத் தட்டு ரெண்டும் தட்டில்ல, றெக்கை. வல்லாஹி, இது பறக்குற வண்டி!"
சிரித்தேன். சீமையில் மனிதர் பறப்பதாகப் பேப்பரில் வருகிறதுதான். ஆனால் அது எஞ்சின் வைத்து. இது காலால் மிதிப்பது. அதுவும் லக்கல போகிற வழியில், இந்தக் காட்டிலா?
சிரித்தேனே தவிர, மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. கொழுந்து நிறுக்கும்போது இரண்டு தரம் தப்பு.

நவ. 10, ஞாயிறு
வெயில்! துரை கிளப்புக்குப் போய்விட்டார். நானா காலையிலேயே வந்து நின்றார். மாடியிலிருந்து இறக்கி, றெக்கையைப் பூட்டி, வண்டிப் பாதைச் சரிவில் நிறுத்தினோம். நானாவுக்குத் தொந்தி, அதனால் நான் ஏறினேன். கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, புள்ளகுட்டிக்காரரு செய்ற வேலையா இது?"
மிதித்தேன். கடகடவென்று சத்தம். ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. சத்தம் நின்றது. குனிந்து பார்த்தால் சக்கரம் தரையில் இல்லை. தேயிலைச் செடி எனக்குக் கீழே. பயத்தில் மிதிக்க மறந்தேன். தொப்பென்று புதரில்.
நானா அழுதார். நானும்தான்.
"அடுத்த ஞாயிறு மேல புல்லு மலைல வச்சு விடுவம் தம்பி. விழுந்தாலும் நோகாது."

நவ. 11
திரும்ப மழை. சாமான் பழையபடி மாடியில், தூணோடு கட்டி. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. றெக்கையில் ஒரு மூங்கில் பிளந்திருக்கிறது, கட்டிவிடலாம். இன்னும் ஒரே ஒரு தரம். ஆசை வெட்கம் அறியாது.
ஆனால் காற்றாடி உடைந்தால்? கொழுந்து? வீடு?
துரை மாடிக்கு வந்தார். "என்ன சாமான் இது?"
உண்மையைச் சொன்னால் கொழும்புக்கு அனுப்பி நாலு பேருக்குக் காட்டுவார், இங்கே கொழுந்து வாடாது. "வாட்டுற விசிறிங்க, தொரை" என்றேன். நாக்குக் கூசியது.
"நல்ல விசிறி. கயிறு என்னத்துக்கு? தரையில போல்ட் அடி."
அவர் நின்று பார்க்க நானே போல்ட்டை முடுக்கினேன்.

நவ. 15
நானா வந்தார். போல்ட்டைப் பார்த்தார். குனிந்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.
றெக்கைத் துணியைக் கிழித்துச் சாக்குக்கு ஒட்டுப் போடச் சொல்கிறார் துரை. நாளை, நாளை என்கிறேன்.

நவ. 30, சனி
வேலை நிரந்தரம். வீடு, இரண்டு அறை, ஒழுகல் ஒரு இடத்தில்தான். பார்வதி வந்துவிட்டாள். பிள்ளை என்னைப் பார்த்து அழுதது, பிறகு மூக்கைப் பிடித்து இழுத்தது.
மாலையில் ஸ்டோரைச் சுற்றிக் காட்டினேன். மாடியில் ஆள் மிதித்துக்கொண்டிருந்தான். போல்ட் நறநறத்தது. பார்வதி கிட்டே போய்ப் பார்த்தாள்.
"ஏங்க, அது எங்கயோ போகப் பாக்குதே. ஏன் புடிச்சுக் கட்டி வச்சிருக்கீங்க?"
கட்டவில்லை என்றால் நீ வந்திருக்க மாட்டாய் என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.
"கொழுந்து வாடணும்ல" என்றேன்.