கல்லறைத் திருநாளில் வாசித்த பெயர்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ இறந்துவிட்டாய் அண்ணே. மூன்று வருடமாக இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்கிற தைரியம்தான்.

கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன உங்கள் தோணி புயலில் மாட்டியது. ஐந்து பேரில் ஒருவர் உடலும் கரைக்கு வரவில்லை. மற்ற நான்கு வீட்டாரும் அழுது, பூசை வைத்து, மனதைத் தேற்றிக்கொண்டார்கள். நம் அம்மா மட்டும் அழவே இல்லை. புதுத் துறைமுகத்தில் கப்பல் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பிவிடுவாள். இறங்கி வருகிறவர்களிடம் அந்தோணியைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். இந்தக் கடற்கரையில் அந்தோணிக்கா பஞ்சம்? நாலைந்து அந்தோணிகள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். நீதான் இல்லை.

போன வருடம் ஒரு தப்புச் செய்தேன். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கோயிலில் கொடுப்போமே, அந்தத் தாளில் அப்பா பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதிவிட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் "இவர்களை நினைவுகூர்கிறோம்" என்று பங்குச் சாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தார். உன் பெயர் வந்ததும் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"சாமி, அதை அடிச்சிருங்க. எம்மவன் வாரான்."

வீட்டுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாள். "ஏளா, நினைவுகூருறதெல்லாம் செத்தவங்களுக்கு. நான் அவனை நெனச்சிக்கிட்டுல்லா இருக்கேன். ரெண்டும் ஒண்ணா?"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு சரியாக ஒருநாளும் நான் பொருள் சொன்னதில்லை. அதன்பிறகு ஆறு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்று கோழியிடம் சொல்லுவாள்.

இந்த வருடம் அவளாகவே கிளம்பினாள். அப்பா கல்லறையில் பூ வைத்தாள். பிறகு, கடலோடு போனவர்களுக்காக மெழுகுவத்தி கொளுத்தும் பெரிய சிலுவையடிக்குப் போய் உட்கார்ந்தாள். உன்னோடு போன நான்கு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி நான்கு கொளுத்தினாள். மடியில் ஐந்தாவது ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்தாள், வெகுநேரம் வைத்திருந்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இதை வீட்டுக்குக் கொண்டு போவோம். கரண்டு போனா ஆவும்."

வழியெல்லாம் அழுதாள் அண்ணே. முதல் தடவையாக அழுதாள். அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறதா? நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு உண்டா?

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். அம்மா இருக்கும்வரை உன் பெயரை எந்தத் தாளிலும் எழுத மாட்டேன். என்றைக்காவது அவள் பெயரை எழுத வேண்டி வரும். அன்றைக்கு அதன் பக்கத்திலேயே உன்னையும் எழுதுகிறேன். அதுவரை நான் உன்னை நினைவுகூரப் போவதில்லை. நினைத்துக்கொண்டிருப்பேன்.

உனக்கிருந்த ஒரே தங்கச்சி,
செல்லம்