ஏப்ரலுக்கு வைத்திருந்த பாயிண்ட்

குழித்துறை
27.12.2011

அன்பு மகள் பிரிஜாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் காத்ததில் நானும் அம்மாவும் இங்கே சுகம், அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. நீயும் பஹ்ரைனில் அதேபோல் சுகமாக இருக்க தினமும் கேட்டுக்கொள்கிறோம். கிறிஸ்துமஸ் அன்று நீ போன் செய்தபோது வீடு நிறைய ஆள், ஒன்றையும் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. கபிரியேலைப் பிளேனில் ஏற்றிவிட்டது வரைக்கும் உனக்குத் தெரியும், இறங்கின இடத்தில் நடந்தது உனக்குத் தெரியாதே, அதை எழுதத்தான் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாசம் ஆரம்பத்தில் நீ கூப்பிட்டு, உன் வார்டில் கபிரியேல் என்று நம் பக்கத்து இனயத்துக்காரர் ஒருவர் பக்கவாதம் வந்து கிடக்கிறார், அரபியின் போட்டில் மீன்பிடிக்க வந்தவர், முதலாளி ஆஸ்பத்திரிச் செலவோடு கையை விரித்துவிட்டான், இருபத்தொன்றாம் தேதி உன்னோடு வேலை பார்க்கும் லிஜின் ஊருக்கு வருகிறான், அவன் துணையில் அனுப்பினால் பத்திரமாக வந்து சேருவார் என்றாய். பண்டிகை நேரம், டிக்கெட் நூற்றைம்பது தினார், உன் சம்பளத்தில் பாதி. ஆனால் ஆறு வருஷமாக நீ பிளேனில் வந்துபோனதிலும் பேங்க் கார்டிலும் சேர்ந்த பாயிண்டை எடுத்தால் வரி மட்டும் கட்டினால் போதும், எந்த நாளானாலும் அதே பாயிண்ட்தான் என்றாய். அது அம்மா ஏப்ரலில் உன்னைப் பார்க்க வருவதற்கு வைத்தது, எடுத்தால் மிச்சம் அம்மாவின் டிக்கெட்டுக்குப் போதாது, என்ன செய்ய அப்பா என்று கேட்டாய். முப்பத்திரண்டு வருஷம் கீரிப்பாறை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்குத் தெரியாததா என்ற நினைப்பில், ஜனவரி பாதிக்குமேல் கூட்டம் குறையும், நாற்பது தினாருக்குக் கிடைக்கும், அப்போது காசு கொடுத்து அனுப்பு, பாயிண்டைத் தொடாதே, லிஜின் இல்லாவிட்டால் இன்னொருவன் வருவான் என்று சொல்லிவிட்டேன். கணக்கு சரிதான். நீயும் சரி அப்பா என்று வைத்துவிட்டாய். அம்மா மட்டும், அப்படியானால் அந்த மனுஷனின் பெண்டாட்டியிடம் நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள்.

அந்த வியாகுலம்மாள் நம் சந்தையில்தான் மீன் விற்கிறாள். நான் பிரிஜாவின் அப்பா என்றதும் கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்றாள். ஒரு மாசம் பொறுக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள், "அண்ணாச்சி, கஞ்சி குடிக்கும்போ வாயில இருந்து சிந்துகா?" என்று கேட்டாள். கொஞ்சம் சிந்தும் என்று மகள் சொன்னாள் என்றேன். "அங்க ஆரு தொடச்சு விடுகா?" என்றாள். நர்ஸுகள் இருக்கிறார்கள் என்றேன். "நர்ஸுக்கு நோயாளி அம்பது பேரு காணுமே. இஞ்ச வந்தா எனக்கு இவரு ஒருத்தருதான்" என்றாள். சொல்லப் போனதைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து நின்றுதான் உன்னைக் கூப்பிட்டு, பாயிண்டையே எடு என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு டிக்கெட் ஆகிவிட்டது என்றாய். அவ்வளவு பெரிய காரியம், ஒரு நோட்டுகூட எண்ணாமல், நான் நின்ற இடத்தில் நிற்கும்போதே முடிந்துவிட்டது.

இருபத்தொன்றாம் தேதி ஜீப் பிடித்து நானும் அம்மாவும் வியாகுலம்மாளும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனோம். மதியத்துக்குமேல் அந்தக் கண்ணாடிக் கதவு திறந்து கபிரியேல் சக்கர நாற்காலியில் வந்தார், பின்னால் லிஜின் பெட்டியோடு. காலையில் நீ சவரம் செய்துவிட்டாயாமே, முகம் பளிச்சென்று இருந்தது, பக்கத்தில் போனால் சோப்பு மணம்கூடப் போகவில்லை. ஒரு கடல் முழுக்கத் தாண்டி வந்த மனுஷன் மேல் உன் கை வைத்த சோப்பு மணம், நான் அதை எப்படி எழுத. வியாகுலம்மாள் அசையாமல் நின்றாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பக்கம் கோணின வாயால் குழறிக் குழறி, "ஏட்டி, நீ இன்னைக்குச் சந்தைக்குப் போகலியா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் முட்டில் முகத்தை வைத்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி இருந்தாள். போலீஸ்காரர்கூட வழியை விடச் சொல்லாமல் ஒதுங்கி நின்றார்.

திரும்பும்போது ஜீப்பில் அவள் கையிலிருந்த ஒற்றை வளையலைக் கழற்றி அம்மா மடியில் வைத்தாள். அம்மா திருப்பிக் கொடுத்து, என் மகள் காசு கொடுக்கவில்லை என்று சொல்ல, அவள் நம்பவில்லை. "காசு வாங்காம பிளேன்ல ஏத்துவானா அக்கா, எனக்கிட்டயா சொல்லுகியோ?" என்றாள். நான் எனக்குத் தெரிந்தபடி விளக்கினேன், பிரிஜா வருஷாவருஷம் வந்துபோகிற தூரத்தை அவர்கள் எழுதி வைத்து, அதற்கு ஈடாக ஒரு சீட் தருவார்கள் என்று. அவள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்தப் பிள்ள ஒத்தைக்குப் போயி வந்த வழியிலயா இவரு வந்தாரு?" என்று கேட்டாள். உன்னை ஒவ்வொரு தடவையும் அதே கதவில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் வழியெல்லாம் வாய் திறக்காமல் வந்திருக்கிறோம், அது வெறும் பிரிவு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கேயோ ஓர் இடத்தில் அது உன் பெயரில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, ஒரு மனுஷன் வீட்டுக்கு வந்து சேருகிற அளவுக்கு. என் பஸ்ஸில் ஏறி இறங்கின சனத்துக்கு நான் கிழித்த சீட்டைத் தவிர ஒன்றும் கொடுத்ததில்லை.

நீ அந்தப் பாயிண்டைத் திரும்பச் சேர்க்கிறேன் என்று தேவையில்லாத சாமானைக் கார்டில் வாங்காதே, அதிக டூட்டியும் எடுக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கூட்டமில்லாத மாசம் பார்த்து என் பென்ஷனில் காசு கொடுத்தே அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கலாம், மழைக்காலம் ஆனாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு ஏதாவது குறை இருக்குமோ என்று பயந்து மெல்லக் கேட்டேன். அவள் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, அதில் தேதி பார்க்கச் சொன்னாள். 2020 வரை இருக்கிறது என்றேன். "பின்ன என்னத்துக்கு அவசரம், என் பிள்ளை எங்கயும் ஓடிப்போகுதா" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக, நீ தொடுகிறவர்கள் சுகமாகட்டும். ஒன்று மறக்காதே, கபிரியேலின் வலது கைக்கு என்னென்ன பயிற்சி கொடுக்க வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு, தமிழில் பெரிய எழுத்தாக எழுதி அனுப்பு. வியாகுலம்மாள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் சொன்னதை ஒரு நாளும் விடாமல் செய்வாள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா
நேசையன்