காரை எங்கே விட்டிருக்கிறேன் என்றால்

கிளென் வேவர்லி
3 ஜூன் 2025

சதீசன் அறிய,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். போனில் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் சண்டை வருகிறது. பிரிந்து மூன்று மாதம் ஆகியும் நம் இருவருக்கும் இருப்பது ஒரு கார்தான், காலையில் எனக்கு, பின்னேரம் உங்களுக்கு. ஆகவே கார் விஷயங்களை இனி எழுதி டாஷ்போர்டுப் பெட்டியில் வைப்போம்.

எங்கள் தெருவில் கவுன்சில் புதிய பலகை நட்டிருக்கிறது. இரட்டை எண் வீடுகளின் பக்கம் காலை எட்டு மணிக்குப் பிறகு ஒரு தடவையில் இரண்டு மணித்தியாலம் மட்டுமே நிறுத்தலாம், எனக்கு லீவு நாளில் அபராதம் வரும். வேலை முடிந்து கொண்டுவந்து விடும்போது எதிர்ப்பக்கத்தில் விடுங்கள். புல்லில் ஏற்ற வேண்டாம். வீட்டுக்காரி ரஞ்சினி அன்ரிக்குப் பிடிக்காது.

குளிர்காலம் தொடங்கிவிட்டது, காலையில் முன்கண்ணாடி முழுக்க உறைபனி. சுரண்டப் பத்து நிமிடம் போகிறது. ஆறரைக்கு நான் மல்கிரேவ் முதியோர் இல்லத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. கண்ணாடியை எதனாலாவது மூடிவிட முடியுமா?

வதனி


5 ஜூன்

அன்புள்ள வதனிக்கு,

உம்முடைய கடிதத்தைப் பெட்ரோல் அடிக்க நின்ற இடத்தில் வாசித்தேன். நான் இடுப்பில் கட்டும் நீலச் சாரத்தை வைப்பர்களுக்குக் கீழே செருகி முன்கண்ணாடியை மூடியிருக்கிறேன். கண்ணாடியின் உட்பக்கம் ஆவி பிடித்தால் ஏசியைப் போடும். குளிருக்குள் ஏசியா என்று கேட்பீர். போட்டுப் பாரும், தெளியும்.

தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் ஆகஸ்ட் வரை நீடிக்கும் என்கிறார்கள். ஸ்டேஷனடி அறையில் அருந்தவனும் நானும் மாறி மாறிச் சமைக்கிறோம். அவனுடைய முறை வரும் நாட்களில் நான் வெளியே சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
சதீசன்


6 ஜூன்

சதீசன் அறிய,

சாரம் தூறலில் நனைந்து, விடிவதற்குள் உறைந்து, கண்ணாடியோடு பலகை போல ஒட்டிக் கிடந்தது. சுடுதண்ணிக் கேத்திலோடு ஓடினேன். ரஞ்சினி அன்ரி ஜன்னலால் எட்டிப் பார்த்தா.

"பிள்ளை, சுடுதண்ணி ஊத்தாதை, கண்ணாடி வெடிச்சுப் போம். உது ஆரின்ரை சாரம்?"

"அவரின்ரைதான், அன்ரி."

"மனுசனை விட்டிட்டுச் சாரத்தை வைச்சிருக்கிறாய்."

சாரத்தை உரித்தெடுத்துப் பின்சீட்டில் போட்டேன். இனித் துணி வேண்டாம். காய்ந்த அட்டைப்பெட்டி மட்டை வையுங்கள்.

வதனி


10 ஜூலை

அன்புள்ள வதனிக்கு,

இன்று உம்முடைய தெருவில் இடமே இல்லை. நாளை அதே தெருவில் இருக்கும் கதிர்காமநாதன் அங்கிளின் மகளுக்குக் கலியாணமாம். சிட்னியிலிருந்து வந்தவர்களின் கார்கள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. நான் காரை எங்கே விட்டிருக்கிறேன் என்றால், தெருமுனையில் இடது பக்கம் திரும்பி, இரண்டாவது தெருவில், மஞ்சள் கதவு வீட்டுக்கு எதிரே. மட்டை வைத்திருக்கிறேன். தேடி அலைய வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சதீசன்


11 ஜூலை

சதீசன்,

கார் நிற்கும் இடத்தை எழுதி அந்தக் காருக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

காரின் லைட் எங்காவது மினுங்குமா என்று ரிமோட்டை அழுத்திக்கொண்டு நான்கு தெரு நடந்தேன். இருபது நிமிடம். உங்களுக்கு இரண்டு தடவை போன் எடுத்தேன், நித்திரையாக இருந்திருப்பீர்கள். கண்ணாடி முழுவதும் தெளியுமுன்பே காரை ஓட்டத் தொடங்கினேன். அப்படியும் ஏழு நிமிடம் பிந்திவிட்டது. பொறுப்பாளர் என்னைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்தா.

இடம் மாறினால் போனில் ஒரு வரி அனுப்புங்கள். அதற்குச் சண்டை பிடிக்க மாட்டேன்.

வதனி


29 ஜூலை

அன்புள்ள வதனிக்கு,

கார் என் பெயரில் இருப்பதால் அபராதக் கடிதம் என் அறைக்கு வந்தது. ஜூலை 11, காலை 6.24, ஸ்பிரிங்வேல் ரோட்டில் சிவப்பு விளக்கைத் தாண்டியதாகப் படம் பிடித்திருக்கிறார்கள். பின்பக்கம் மட்டும் தெரிகிறது. ஓட்டியவரின் முகம் இல்லை.

நீர் இன்னும் பி பிளேட்டில், புதிதாக ஓட்டுபவர்களின் லைசன்ஸில் ஓட்டுகிறீர். பிழை விட்டதற்காக வருடத்தில் ஐந்து பொயின்ட் போனால் லைசன்ஸைப் பிடிப்பார்கள். பெப்ரவரியில் பள்ளிக்கூடத்தடியில் வேகமாகப் போய் உமக்கு மூன்று போய்விட்டது. இதற்கும் மூன்று. உம்முடைய பெயரைக் கொடுத்தால் லைசன்ஸும் போகும், வேலையும் போகும். என்னுடையதில் ஒரு பொயின்ட்கூடப் போகவில்லை. நான் பேசாமல் இருந்தால் இது என் கணக்கில் விழும். பிழையும் என்னுடையதுதான்.

அருந்தவன், "உதுக்கேன் மச்சான் யோசிக்கிறாய், பேசாமல் விடு" என்கிறான். நீரும் யோசிக்க வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
சதீசன்


30 ஜூலை

சதீசன் அறிய,

என்னோடு வேலை செய்யும் பிரவீணாவும் இதையேதான் சொல்கிறாள்: "அக்கா, மனுசன்ரை பேரிலை விடுங்கோ. இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

விளக்கு மஞ்சள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி மங்கலாக இருந்தது. தெளியும் வரை நின்றிருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒருவர் கடந்துகொண்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. நேற்றிலிருந்து அதையே நினைக்கிறேன்.

உங்கள் குடியுரிமை விண்ணப்பம் போய்க் கிடக்கிறது. அந்த நேரத்தில் இப்படி ஒரு பொய் வேண்டாம். அது ஒரு காரணம்தான். மற்றதையும் எழுதிவிடுகிறேன். ஆறு வருடமாக ஒவ்வொரு சண்டையிலும் நீங்கள் எனக்காகச் செய்ததையெல்லாம் கேட்டிருக்கிறேன். ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டது, படிக்க விட்டது, கார் பழக்கியது. செய்ததற்கு நான் நன்றி சொல்லாமல் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் வீட்டை விட்டு வந்தேன். இந்த மூன்று பொயின்டையும் அந்த வரிசையில் கேட்க என்னால் முடியாது.

ஓட்டியது நான். என் பெயரைக் கொடுங்கள். ஒரு வருடம் ஒரு பொயின்ட்கூட இழக்காமல் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டால் லைசன்ஸை விட்டுவைப்பார்களாம், விசாரித்துவிட்டேன். தவறினால் ஆறு மாதம் போகும்.

வதனி


9 ஆகஸ்ட்

அன்புள்ள வதனிக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன்.

ஓட்டியவரின் பெயரைக் கேட்டு அபராதக் கடிதத்தோடு வந்த தாளைப் பத்து நாள் மேசையில் வைத்திருந்தேன். நேற்று நிரப்பி அனுப்பினேன். உரிமையாளரின் முகவரி என்ற இடத்தில் என் முகவரி. ஓட்டியவரின் முகவரி என்ற இடத்தில் உம்முடையது. இரண்டும் வேறு வேறாக ஒரே தாளில் இருப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். மார்ச்சில் நீர் போனது எனக்கு நேற்றுத்தான் விளங்கியது.

காரை உம்முடைய பெயருக்கு மாற்றும் படிவம் இதனோடு இருக்கிறது. என் பகுதியில் கையெழுத்து வைத்துவிட்டேன். நான் ஏதாவது பிழை விட்டால் இனிக் கடிதம் உமக்கு வரும், உம்முடைய ஒரு வருடத்தில் அப்படி ஒன்று வரக் கூடாது. ஆகவே நான் ஓட்ட மாட்டேன். அருந்தவனும் எங்கள் தொழிற்சாலைக்குத்தான் வருகிறான், அவனோடு போகலாம். என் சாவியை ரஞ்சினி அன்ரியிடம் கொடுத்தேன்.

சதீசன்


2 செப்டம்பர்

அன்புள்ள சதீசனுக்கு,

கார் என் பெயருக்கு மாறிவிட்டது. ஒரு வருட ஒப்புதலும் கொடுத்துவிட்டேன். இப்போது கண்ணாடி தெளியும் வரை காருக்குள் சும்மா இருக்கிறேன். அதற்காகப் பதினைந்து நிமிடம் முந்தி எழும்புகிறேன்.

பொயின்ட் விஷயத்தில் நான் கேட்டபடி நீங்கள் எனக்காக ஒன்றும் செய்யாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அது உங்களுக்கு லேசாக இருந்திருக்காது.

வருகிற ஞாயிறு கரம் டவுன்ஸ் கோவிலுக்குப் போகிறேன். பத்து மணிக்கு உங்கள் அறைக்கு முன்னால் நிறுத்துவேன். அங்கே ஐந்து நிமிடம்தான் நிற்கலாம் என்று பலகை இருக்கிறது. பார்க்கிங் அபராதத்துக்குப் பொயின்ட் போகாதாம். ஆனாலும் ஆறாவது நிமிடம் நிற்க மாட்டேன்.

வருவதானால் கீழே இறங்கி நில்லுங்கள். பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு பிரேக் பிடி என்று சொல்லக் கூடாது.

அன்புடன்,
வதனி