சுருக்கம் சரிதானா?

மே 24, ஞாயிறு

அடுத்தவர் ஆய்வேட்டில் ஓட்டை தெரிந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடலாமா? எனக்குப் பதில் தெரியவில்லை. துறையின் விதிமுறைத் தாளிலும் இல்லை.

தாளில் இருப்பது இவ்வளவுதான்: வரலாற்று முதுகலை, இரண்டு ஆண்டு, நூற்றிருபது புள்ளி. முதல் ஆண்டு கோட்பாடும் ஆய்வுமுறையும். மூன்றாம் பருவம் விருப்பப் பாடங்கள். கடைசிப் பருவம் முழுக்க ஆய்வேடு, முப்பது புள்ளி. நம் ஏட்டுக்காக வாதாடினால் மட்டும் போதாது. இன்னொருவர் ஏட்டுக்கு மறுப்பாளராக உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். அதுவரை அந்த முப்பதும் ஏறாது. என் ஏடு போன வாரம் தேறியது. மறுப்புதான் மிச்சம். எனக்கு வந்திருப்பது கூடப் படிக்கும் டீராவின் ஏடு.

1786, என் ஊர்ப்பக்கமான தாலார்னாவில் ஒரு கிராமம். வைக்கோல் திருடியதாக ஒரு விதவைமேல் வழக்கு. வசந்தகால அமர்வில் லிஸ் ஆந்தெர்ஸ் சாட்சி சொல்கிறான். இலையுதிர்கால அமர்வில் பாக் ஆந்தெர்ஸ் அதையே சொல்கிறான். சம்பந்தமில்லாத இருவர் ஒன்றைச் சொன்னால் ஊரே கூடி முடிவெடுத்துவிட்டது என்று பொருள் – இதுதான் டீராவின் வாதம். மொத்த ஏடும் அதன்மேல் நிற்கிறது.

இருவர் இல்லை. ஒருவன். எங்கள் பக்கத்து ஊர்களில் பண்ணையின் பெயர்தான் ஆளின் பெயருக்கு முன்னால் வரும். மனைவியின் பண்ணைக்குக் குடிபோனால் அதுவும் மாறும். என் தாத்தாவுக்கே மாறியது. டீரா மால்மோக்காரி, அவளுக்கு எப்படித் தெரியும்? திருச்சபைப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்தக் கோடையில் லிஸ் ஆந்தெர்ஸுக்குப் பாக் பண்ணையில் கல்யாணம். இரண்டு ஆந்தெர்ஸுக்கும் பிறந்த தேதி ஒன்று.

மே 26

காபி அறையில் டீரா. "மாரித், என்னைக் கடிச்சுக் குதறிடாத. பதினஞ்சாம் தேதி அருங்காட்சியகத்துல சேரணும். முழுசாப் போய்ச் சேரணும்."

"எனக்குப் பாதிப் பல்லு கட்டினது" என்றேன். சிரித்தாள்.

பட்டம் இல்லாவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்கு. ஒப்படைத்த ஏட்டில் வாதாடும் நாள்வரை ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட முடியாது.

மே 28

தேர்வாளர் ஹோகனிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "மறுப்பாளர் வேலை காப்பாத்துறதும் இல்ல, கவுக்கறதும் இல்ல. நீ ஒழுங்காப் படிச்சியான்னு காட்டு, போதும்."

எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில்.

மே 30

பதினொரு கேள்வி எழுதினேன். ஆந்தெர்ஸ் பற்றி ஒன்றுகூட இல்லை.

ஜூன் 1

சொல்லப்போவதில்லை. செத்து இருநூத்துச் சொச்சம் வருஷமான ஒருத்திக்காக, உயிரோட இருக்கிற பொண்ணோட வேலையை ஏன் கெடுக்கணும்? ஹோகனுக்கு இருபதாம் நூற்றாண்டுக்கு முன்னாடி எதுவும் தெரியாது, கவனிக்க மாட்டான். இது இரக்கமா, இல்ல வம்பே வேண்டாம்னு ஒதுங்கற என் பழைய புத்தியா –

சரி. நாளை பத்தே காலுக்கு மறுப்பு.

ஜூன் 2

வழக்கப்படி ஏட்டின் சுருக்கத்தை முதலில் நான் சொன்னேன். "ஒருவரையொருவர் சாராத இரண்டு சாட்சிகள்" என்பதையும் சொன்னேன், குரல் மாறாமல். பிறகு எல்லா மறுப்பாளரும் கேட்கும் கேள்வி: "சுருக்கம் சரிதானா?" ஏட்டை எழுதியவர் தலையாட்டுவதுதான் வழக்கம்.

"இல்ல" என்றாள் டீரா. "ரெண்டு பேர் இல்ல, ஒரே ஆளு. போன வெள்ளிக்கிழமைதான் கல்யாணப் பதிவைப் பார்த்தேன். ஏடு அதுக்கு முன்னாடியே போயாச்சு."

ஹோகன் என் பக்கம் திரும்பினான். "மாரித், உனக்குத் தெரியலையா?"

"தெரியும். ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு."

டீரா அந்த அத்தியாயத்தைத் திருத்தி ஒன்பதாம் தேதிக்குள் கொடுத்தால் தேர்ச்சி. ஊரின் முடிவு அல்ல, ஒரே ஆளின் பகை. அது இன்னும் நல்ல வாதம் என்றான் ஹோகன். என் மறுப்பு ஏற்கப்படவில்லை. ஜனவரியில் வேறொருவர் ஏடு.

வெளியே மேலங்கியை மாட்டிக்கொண்டே டீரா சொன்னாள்: "நீ கண்டிப்பாக் கேப்பேன்னு நெனச்சேன். தாலார்னாக்காரி ஆச்சே."

மாலையில் துறையில் என் புள்ளிப் பதிவைத் திறந்து பார்த்தேன். தொண்ணூறு புள்ளி.