கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் சௌக்கியம்.

கைதிகளின் குணத்தை மதிப்பிடும் என் வேலையில் போன வாரம் ஒரு சின்னத் தகராறு. பயப்படாதீர்கள். மனைவியின் கையை வெட்டியவன் ஒருவன் முன்கூட்டியே விடுதலை கேட்டிருந்தான். கேள்வித்தாளில் 'பிறர் வலி என்னையும் வருத்தும்' என்ற வரிக்கு நேரே 'முழுக்க உண்மை' என்று டிக் அடித்திருந்தான்.

"அவங்க கை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு விரல்தானேங்க போச்சு, இன்னும் எட்டு இருக்கே" என்று சிரித்தான்.

மேலதிகாரியோ, "மார்க் நல்லா வந்திருக்கும்மா, ஆபத்து குறைவுன்னு எழுதிடு. நீ கேட்டது கேள்வித்தாள்லயே இல்லையே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சொன்னதையே அறிக்கையின் முதல் வரியாக எழுதினேன். கிழித்துப் போட்டார். மறுபடியும் எழுதினேன். மூன்றாம் முறை, "உன்னோட மல்லுக்கட்ட முடியாதும்மா" என்று மேலே அனுப்பிவிட்டார். மனு தள்ளுபடியாகிவிட்டது.

அதிலிருந்து சாப்பாட்டு வேளையில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. இரண்டு டம்ளர் அனுப்புங்கள். அறைக்கு யாராவது வந்தால் காபி கொடுக்க என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

அவன் இப்போதைக்கு வெளியே வரமாட்டான் என்று அவன் மனைவியிடம் சொல்லலாமே என்றால், அதற்குப் படிவமே கிடையாதாம்! நானே போய்ச் சொல்லப்போகிறேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்